மஞ்சள் வைத்த மெடிக்கல் ஃபாரம்

1. கடைசி நாளுக்கு முதல் நாள்

மெடிக்கல் என்ட்ரன்ஸ் விண்ணப்பத்தை ஏழுமலை என் மேசைமேல் வைத்தபோது அதன் நான்கு மூலையிலும் மஞ்சள் இருந்தது. நடுவில் ஒரு குங்குமப் பொட்டு. மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்குள் அந்தக் காகிதம் சென்னையில் இருக்க வேண்டும்.

"ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்துடும்மா. மதியம் பஸ்ஸுக்கு நானே மெட்ராஸ் எடுத்துனு போயிடறேன்" என்றார்.

நான் மெஷினை ஆன் செய்யவில்லை. "யார் மஞ்சள் வெச்சது?" என்று கேட்டேன்.

"நான்தான் வெச்சேன்" என்றார் அவர் மனைவி கன்னியம்மா. "நேத்து பௌர்ணமி ஆச்சே. கோயில்ல சாமி கால்ல வெச்சி எடுத்தாந்தேன். இன்னாத்துக்கு அப்படிப் பாக்கறே?"

அவர்கள் பெண் சுமதி பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகம் எனக்கு முன்னாலேயே வெளுத்திருந்தது.

புது நோட்டு, கல்யாணப் பத்திரிகை, பத்திரம் எதுவானாலும் மூலைக்கு மூலை மஞ்சள் தடவுவது நம் பக்கத்து வழக்கம். ஆனால் அந்த வருஷம் வந்திருந்தது கம்ப்யூட்டர் ஃபாரம். பெயரைக்கூட ஒவ்வோர் எழுத்தாக வட்டத்தில் பென்சிலால் கருப்படிக்க வேண்டும். ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் கருப்புக் கட்டங்கள் அச்சாகி இருக்கும்; அதை வைத்துத்தான் மெஷின் ஃபாரத்தைப் படிக்கும். 'ஓரத்தில் எதுவும் எழுதக் கூடாது, கறை படக் கூடாது, மடிக்கக் கூடாது' என்று கூடவே வந்த புத்தகத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. கன்னியம்மா வைத்த மஞ்சளில் இரண்டு சரியாக அந்தக் கட்டங்களின்மேல் விழுந்திருந்தது.

2. நான் யார், சுமதி யார்

இதைப் படிக்கிற சின்னப் பிள்ளைகளுக்கு நான் முதலில் என்னைச் சொல்லிவிட வேண்டும். நான் எட்டாவது வரைதான் படித்தேன். வீட்டில் ஆள் தேவைப்பட்டது, நின்றுவிட்டேன். திருவண்ணாமலை தனி மாவட்டமான பிறகு ஆபீஸ்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. ஆபீஸ் வந்தால் ஜெராக்ஸ் வேண்டும், ஃபாரம் எழுத ஆள் வேண்டும். என் வீட்டுக்காரர் வேங்கிக்கால் ரோட்டில் ஒரு மெஷின் போட்டார். அவருக்கு அதில் பொறுமை இல்லை. டிராக்டர் ஓட்டப் போய்விட்டார். கடை என் தலையில் வந்தது.

எனக்குப் பயம் ஜாஸ்தி. பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். பாதி வழி போய்த் திரும்பி வந்து நான்காவது தடவையும் பார்ப்பேன். இந்தக் குணத்தை வீட்டில் எல்லோரும் கேலி செய்தார்கள். ஆனால் ஃபாரம் எழுதும் தொழிலுக்கு இதைவிட நல்ல முதல் கிடையாது. படித்தவர்கள் ஃபாரத்தைப் படிக்க மாட்டார்கள். தெரியும் என்று நினைத்துக்கொண்டு எழுதுவார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. அதனால் தமிழில் இருக்கும் விளக்கப் புத்தகத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரல் வைத்துப் படிப்பேன். எந்தச் சர்ட்டிபிகேட்டுக்கு எத்தனை நகல், எதில் பச்சை மைக் கையெழுத்து, போட்டோவை ஒட்டுவதா பின் அடிப்பதா, எல்லாம் எனக்கு அத்துப்படி. "சாந்தி அக்கா பாத்தா ஃபாரம் திரும்பி வராது" என்று டியூஷன் பிள்ளைகள் சொல்வார்கள். உண்மைதான். திரும்பி வந்ததில்லை.

சுமதி அப்படி வந்தவள்தான். அடி அண்ணாமலையில் அவர்களுக்குச் சாமந்தித் தோட்டம். முந்தின வருஷமே என்ட்ரன்ஸ் எழுதி, ஒரு மார்க்குக்கும் கம்மியில் மெடிக்கல் சீட்டை விட்டிருந்தாள். அப்போதெல்லாம் பிளஸ் டூ மார்க்கை இருநூறுக்குக் குறைத்து, என்ட்ரன்ஸ் மார்க்கை நூறுக்குக் கணக்கிட்டு, மொத்தம் முந்நூறுக்குக் கட்‌ஆஃப் பார்ப்பார்கள். அரை மார்க்கில் நூறு பேர் நிற்பார்கள். மார்க் போதாதவர்கள் பிளஸ் டூவையே இன்னொரு தடவை எழுதலாம். அதற்கு இம்ப்ரூவ்மென்ட் என்று பேர். ஏழுமலை அவளுக்கு ஒரே ஒரு வருஷம் கொடுத்தார். "இந்த வாட்டி கெடைக்கலன்னா டீச்சர் டிரெய்னிங்ல சேந்துக்கணும். மறுபேச்சு பேசக் கூடாது" என்று என் கடையில் வைத்துத்தான் சொன்னார்.

அந்த வருஷம் முழுக்க அவள் விடியற்காலையில் பூப்பறித்துவிட்டு டவுனுக்கு வந்தாள். காலை டியூஷனுக்கும் மத்தியான டியூஷனுக்கும் நடுவில் இருந்த நேரத்தை என் கடையின் உள்ளே, பேப்பர் கட்டுமேல் உட்கார்ந்து கழித்தாள். சென்னையில் கோச்சிங் போன பிள்ளைகளின் கேள்வித்தாள்களை யாரிடமாவது வாங்கி வந்து நகல் எடுப்பாள். கூட்டம் இல்லாதபோது கேள்வித்தாளையும் விடைப் பட்டியலையும் என் கையில் கொடுத்துக் கேள்வி கேட்கச் சொல்வாள். இங்கிலீஷ் வார்த்தைகளை நான் எழுத்துக்கூட்டிப் படிக்கும்போதே அவள் விடையைச் சொல்லிவிடுவாள்.

"இருடி, நான் இன்னும் கேள்வியே முடிக்கலை."

"நீங்க முடிக்கறதுக்குள்ள பரீட்ச முடிஞ்சிடும்க்கா. பி. அடுத்தது."

எனக்குப் புரியவில்லை என்றாலும், பி என்பது சரியா தவறா என்று பார்க்கத் தெரியும். தவறு என்றால் இரக்கமே இல்லாமல் சுழிப்பேன். சுழித்ததையெல்லாம் மறுநாள் மறுபடி கேட்பேன். பரீட்சை நெருங்கியபோது சுழி கம்மியாகிவிட்டது. அவளுக்குக் கிடைக்கும் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். பயப்படுகிற ஆளான எனக்கே அப்படித் தோன்றியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபாரத்தை அவளே பூர்த்தி செய்தாள். நான் சரிபார்த்தேன். உடனே அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் பௌர்ணமி வந்தது. பௌர்ணமிக்கு முன்னால் பூ வியாபாரத்தை விட்டுவிட்டு அந்த வீட்டில் யாரும் அசைய முடியாது. முடிந்ததும் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றார் ஏழுமலை. சரி என்று நானும் விட்டேன்.

3. ரப்பர்

"சாமி மஞ்சள அழுக்குன்னு சொல்றியா நீ?" கன்னியம்மாவுக்குக் கோபம்.

"அழுக்குன்னு சொல்லலக்கா. மெஷினுக்கு சாமி தெரியாது."

"ஏ கன்னிம்மா, உனக்கு எத்தினி வாட்டி சொன்னேன், படிக்கற சமாச்சாரத்துல கை வெக்காதேன்னு" என்று ஏழுமலை கத்தினார். "ஒரு வருஷம் அந்தப் பொண்ணு கண்ணு முழிச்சிப் படிச்சது உன் மஞ்சளால போச்சு."

கடை வாசலில் நான்கு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று பட்டது. டிராயரைத் திறந்தேன், ரப்பரை எடுத்தேன், தேய்த்தேன்.

மஞ்சள் போகவில்லை. பரவியது. இன்னும் அழுத்தித் தேய்த்தேன். காகிதத்தின் மேல்தோல் உருண்டு உருண்டு வந்தது. ஊதிவிட்டுப் பார்த்தேன். ஓரத்திலிருந்த கருப்புக் கட்டங்களில் ஒன்று முழுதாகக் காணாமல் போயிருந்தது. அடுத்தது பாதிதான் இருந்தது.

அந்த நிமிஷம் அவர்கள் யாரும் என்னைப் பார்க்கவில்லை. புருஷனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். சுமதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஃபாரத்தைக் கவரில் போட்டு, "இருங்க, காலேஜ்ல கேட்டுட்டு வந்துடறேன்" என்று சொல்லி, வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறினேன்.

4. எழுத்தர் சொன்னது

விண்ணப்பம் விற்ற கல்லூரியின் கவுன்ட்டரில் இருந்த எழுத்தர் எனக்குப் பழக்கம். வருஷா வருஷம் அவரிடம் சந்தேகம் கேட்டு உயிரை எடுப்பேன். கவரைத் திறந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"மஞ்சள் வெச்சிட்டாங்க சார்" என்றேன்.

"மஞ்சள் கெடக்குது வுடும்மா. இந்த வருஷம் மஞ்சள் இல்லாம எத்தன ஃபாரம் போயிருக்கும்னு நெனைக்கறே? மெஷின் கருப்பத்தான் பாக்கும். மஞ்சளப் பாக்காது. லேசாத்தானே கீது." விரலை ஓரத்தில் வைத்தார். "இது யாரு பண்ண வேல? கட்டத்தையே பேத்து எடுத்துட்டாங்களே."

"இப்படியே அனுப்பலாமா சார்?" என்று மட்டும் கேட்டேன்.

"மஞ்சளோட அப்படியே அனுப்பியிருந்தா போயிருக்கும். இப்போ மெஷின் வெளிய தள்ளிடும். புது ஃபாரம்தான் போடணும்."

"குடுங்க சார்."

"இங்க ஏது? ஸ்டாக் தீந்து ரெண்டு நாளாச்சு."

நான் முகத்தை எப்படி வைத்திருந்தேனோ தெரியவில்லை. அவராகவே போனை எடுத்து வேலூர்க் கல்லூரிக்குப் போட்டார். அங்கே இருந்தது. நான்கு மணி வரை கவுன்ட்டர் என்றார்கள். அப்போது மணி பதினொன்று.

கடைக்குத் திரும்பி வந்து, "புது ஃபாரம் வாங்கணும். வேலூர்ல இருக்குது" என்று மட்டும் சொன்னேன். ஏழுமலை மனைவியைப் பார்த்து, "கேட்டுக்கினியா?" என்றார். கன்னியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சற்று முன் என்னிடம் சண்டை பிடித்த அந்தப் பெண்மணி ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. தன் தப்பு என்று நம்பிவிட்டார்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நேரம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்வதற்கு ஆகும் நேரம் அரை நிமிஷம்.

5. வேலூர்

சுமதியையும் நான்கு போட்டோக்களையும் எல்லா ஒரிஜினலையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கிரிவலக் கூட்டம் இன்னும் கலையாததால் பஸ்களை ஊருக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். வெயிலில் நடந்து போய், நிற்கக்கூட இடம் இல்லாத ஒரு வண்டியில் தொற்றிக்கொண்டோம். போளூர் தாண்டித்தான் உட்கார இடம் கிடைத்தது.

"அக்கா, கிடைக்குமா?" என்றாள்.

"கிடைக்கும்."

அவ்வளவு உறுதியாக நான் வாழ்க்கையில் எதையும் சொன்னதில்லை. உள்ளே எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அடுத்தடுத்து எந்தக் காகிதம், யாரிடம் கையெழுத்து, எந்தக் கவர் என்று வரிசை போட்டுக்கொண்டே வந்தேன். வேலையின் வரிசை மனதில் வந்துவிட்டால் பயம் ஓரமாகப் போய் உட்கார்ந்துவிடும்.

மூன்று மணிக்கு ஃபாரம் கைக்கு வந்தது. கல்லூரி வராந்தா பெஞ்சில் ஒரு பரீட்சை அட்டையைக் கடன் வாங்கி வைத்து எழுதினோம். அவள் கருப்படித்தாள், நான் ஒவ்வொரு வட்டமாகப் பழைய ஃபாரத்தோடு ஒப்பிட்டேன். நாங்கள் முடிக்கும்வரை அங்கிருந்த ஒரு பேராசிரியர் காத்திருந்து, போட்டோவின்மேல் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார்.

"யாரும்மா இது, உன் அம்மாவா?" என்று சுமதியிடம் கேட்டார்.

"இல்ல சார். எங்க ஜெராக்ஸ் அக்கா."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சிரித்தார். மறுநாள் முதல் பஸ்ஸில் ஏழுமலை சென்னை போனார். நேரில் கொடுத்து, முத்திரை போட்ட ரசீதோடு வந்தார். விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டது.

6. கவுன்சலிங் வாசலில்

சுமதி இரண்டு பரீட்சையும் நன்றாக எழுதினாள். ரேங்க் பட்டியல் வந்ததும் கவுன்சலிங்குக்கு அழைப்பு வந்தது. ஆனால் அவளுடைய ரேங்க் விளிம்பில் இருந்தது. அவளுக்கு முன்னால் இருப்பவர்கள் எதை எடுப்பார்கள் என்பதைப் பொறுத்துத்தான் மெடிக்கல் மிஞ்சும். காகிதங்களைப் பார்த்துக்கொள்ள என்னையும் கூப்பிட்டார்கள். கடையைப் பூட்டி, நான்கு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனேன்.

பிள்ளையோடு ஒருவர்தான் உள்ளே போகலாம். ஏழுமலை போனார். கன்னியம்மாவும் நானும் வெளியே வேலியோரம் நின்றோம். எங்களைச் சுற்றி எல்லா ஊர் அப்பா அம்மாக்களும் பிளாஸ்டிக் ஃபைல்களோடு நின்றார்கள். இன்னும் எத்தனை சீட் இருக்கிறது என்று ஒரு போர்டில் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். எண் குறைந்துகொண்டே வந்தது.

கன்னியம்மா அந்தப் போர்டைப் பார்க்கவே இல்லை.

"கெடைக்கலன்னா இவரு சாவற வரைக்கும் அந்த மஞ்சளச் சொல்லுவாரு" என்றார். "மூணு மாசமா அதான் பேச்சு. சோத்துல உப்பு ஜாஸ்தின்னாலும் மஞ்சள், பூ வெல கம்மியாப் போனாலும் மஞ்சள். நான் இப்போ சாமிக்கு வெளக்கேத்தறதுக்கே பயப்படறேன் சாந்தி."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அக்கா, ஃபாரம் கெட்டது மஞ்சளால இல்ல. நான் ரப்பர் போட்டு அழிச்சேன், அதனால. மஞ்சளோட அனுப்பியிருந்தாலே போயிருக்கும்னு காலேஜ்ல அன்னிக்கே சொன்னாங்க."

அவர் திரும்பி என்னை நேராகப் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"அன்னிக்கே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சேவா என்னை மூணு மாசம் பேச்சுக் கேக்க வெச்சே?"

"தப்புதான்க்கா."

"தப்புன்னா முடிஞ்சிடுச்சா? நீ வேலூர் போனப்போ உன்னை நான் தெய்வம்னு நெனச்சேன்டி." முகத்தைத் திருப்பிக்கொண்டார்.  ஆனால் என் பக்கத்தை விட்டு நகரவில்லை.

மதியத்துக்கு மேல் சுமதி வெளியே வந்தாள். கையில் அலாட்மென்ட் ஆர்டர். தெற்கே கடைக்கோடியில் ஓர் அரசு மெடிக்கல் காலேஜ். பின்னால் வந்த ஏழுமலை துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். கன்னியம்மா மகளின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அவருகிட்ட சொல்லு."

"இப்பவா?"

"இப்பத்தான். அன்னிக்கு நாலு பேர் முன்னாடிதான் அவரு என்னைத் திட்டினாரு. இவ்ளோ பேர் முன்னாடி சொல்லு."

சொன்னேன். முதலிலிருந்து சொன்னேன். ஏழுமலை துண்டைக் கீழே இறக்கிக் கேட்டார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. மனைவியைப் பார்த்தார். "வா, பசிக்குது, எல்லாரும் சாப்புடலாம்" என்றார். "முதல்ல என்கிட்ட ஒரு வார்த்த சொல்லு" என்று கன்னியம்மா நகராமல் நின்றார். அந்தப் பெரிய மனுஷன் சுற்றிலும் பார்த்துவிட்டு, "சரி, நான் பேசனது தப்பு" என்றார். அப்போதுதான் கன்னியம்மா நகர்ந்தார்.

நடக்கும்போது சுமதி என் பக்கத்தில் வந்தாள்.

"அதனாலதான் அன்னிக்கு வேலூருக்குக் கூட வந்தீங்களாக்கா?"

 யோசித்துவிட்டு, "பாதி அதனால" என்றேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

7. பக்கத்து நாற்காலி

அதற்குப் பிறகு இரண்டு மாதம் கன்னியம்மா கடைப்பக்கம் வரவில்லை. டவுனில் வேறு நான்கு ஜெராக்ஸ் கடை வந்திருந்தது. அங்கே போவார் என்று விட்டுவிட்டேன். ஒருநாள் காலையில் பூக்கூடையோடு வந்து இறங்கினார். மகளின் ஸ்காலர்ஷிப் ஃபாரம் கையில் இருந்தது.

"எழுதறது நீயே எழுது" என்றார். மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "நீ எழுதற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."

"உங்களுக்குப் படிக்கத் தெரியாதேக்கா."

"உன் கை இன்னா பண்ணுதுன்னு பாக்கத் தெரியும் இல்ல."

ஒவ்வொரு வரி எழுதும்போதும் அது என்ன என்று கேட்டார். நான் சொன்னேன். வருமானம் என்ற இடத்தில் நான் போன வருஷச் சர்ட்டிபிகேட்டைப் பார்த்து எழுதப் போனபோது, தாசில்தார் ஆபீசில் புதுசு வாங்கிவிட்டதாகச் சொல்லி மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவர் உட்காராமல் இருந்திருந்தால் பழையதே போயிருக்கும்.

அன்று முதல் கடையில் அதுதான் வழக்கம். ஃபாரத்துக்குச் சொந்தக்காரர் யாராக இருந்தாலும், கையெழுத்து வருமோ வராதோ, என் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் பேனாவை எடுப்பேன். அவசரம், விட்டுவிட்டுப் போகிறேன் என்பவர்களை அனுப்பிவிடுவேன். ஸ்டூலை மாற்றி நல்ல நாற்காலியாக வாங்கிப் போட்டேன். வரிசை நீளமாகும், சிலர் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பயப்படுங்கள், தப்பில்லை. பயந்தால் இரண்டு தடவை படிப்பீர்கள். ஆனால் பயத்தில் காகிதத்தின்மேல் கை வைக்காதீர்கள். கை வைத்துக் கெட்டுப்போனால், பக்கத்தில் இருப்பவர் வேறு யாரையாவது திட்டத் தொடங்குவதற்கு முன்னால் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். நான் மூன்று மாதம் தாமதமாகச் சொன்னேன். சுமதிக்குச் சீட்டு கிடைத்தது. அந்த மூன்று மாதத்தைக் கன்னியம்மாவுக்கு யாரும் திருப்பித் தரவில்லை.